பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

செப்டம்பர் 5 வரப்போகிறது. திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் ஊர்ப் பள்ளிகளில் படத்துக்கு மாலை போடுவார்கள், பேச்சுப் போட்டி வைப்பார்கள். நடக்கட்டும். கூடவே ஓர் அறிக்கையைப் பற்றியும் அன்று பேசியாக வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவன் பள்ளியிலேயே படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. பள்ளியில் தன்னைத் தொல்லைப்படுத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் சொன்னதுதான் அந்தப் பையன் செய்த குற்றம். அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை முதல்வர் கைக்குப் போனது.

அறிக்கையில் ஊர் பேசியது எதை? கைக்கயிறு, மோதிரம், நெற்றித் திலகம். முருகன் குடியிருக்கும் மலையின் அடிவாரத்தில் வாழ்கிற நமக்கு நெற்றி விவகாரம் என்றால் தனிச் சுவைதான். அந்தச் சத்தத்தில், பெரிய செலவில்லாமல் நாளைக் காலையே நடைமுறைப்படுத்தக்கூடிய சில பரிந்துரைகள் அமுங்கிப்போயின. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் இருக்கக் கூடாது. ஆசிரியர் எந்த மாணவனையும் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் அறிவிக்காமல், தலைமையாசிரியர் தன் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் யார் யார் இன்னும் தரல?’ என்ற குரலைக் கேட்காமல் பள்ளியைக் கடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த நண்பன் அந்த நிமிடம் நிமிர்ந்து பார்ப்பான். மறுநாள் அவன் டிபன் பாக்ஸ் கொஞ்சம் தள்ளித் திறக்கும். ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. படிவத்தை முடித்து அனுப்பும் அவசரத்தில் இருப்பவராக இருந்தாலே போதும். உதவித்தொகை உரிமை. அதைப் பிச்சைபோல் ஏலம் கூறிக் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

அடுத்து, துடைப்பம். 2022 இறுதியில், பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியர் கைதானார். அது எங்கோ கொங்கு நாட்டில் என்று நாம் ஆறுதல்பட முடியாது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் காவடியோடு வந்து போனபின், மலைப்பாதையிலும் வீதிகளிலும் கிடக்கும் குப்பையை அள்ளும் கைகள் யாருடையவை என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தாயின் மகள் பள்ளியில் துடைப்பத்தை எடுத்தால் அதைப் ‘பொறுப்புள்ள பிள்ளை’ என்று பாராட்டுகிற ஆசிரியர், அந்த வேலையைச் சுழற்சி முறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும், தன் பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுப்பாரா?

நம் எல்லைப் பகுதிக்கென்றே இன்னொன்று உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. வரைபடம் ஒரே நாளில் மாறியது. வீட்டுப் பேச்சு மாறவில்லை. அருந்ததியர் உள்ளிட்ட பல குடும்பங்களில் இன்றும் தெலுங்குதான். தண்ணீருக்கு ‘நீள்ளு’ என்று கேட்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, தமிழ்ப் பாடத்தில் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தை மொழிச் சிக்கல் என்று பார்க்காமல், ‘இவங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தமிழ் படித்து அதனாலேயே ஆளானவன் நான். தமிழ் வேண்டாம் என்று சொல்ல என் நாக்கு வராது. முதல் இரண்டு ஆண்டு, அந்தக் குழந்தையின் பேச்சு தெரிந்த ஓர் ஆசிரியர் அருகில் இருந்தால் அது நல்ல தமிழோடு வெளியே வரும் என்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஜூலையில் மாணவர் விடுதிகள் 2,739-க்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டியது. வரவேற்கிறேன். பெயரும் காயப்படுத்தும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் பெயிண்டர் அரை நாளில் முடிக்கும் வேலை பெயர்ப்பலகை. வகுப்பறைக்குள் வாய் மாறுவதற்கு யாராவது போய் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அதற்கு இடம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. கையெழுத்து வாங்க மட்டும் நம் பெண்களை அழைக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கூலி வேலையை ஒரு நாள் விட்டாவது போய் உட்காருங்கள். உதவித்தொகைப் பட்டியலை எங்கே வைத்து வாசிக்கிறீர்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், தெலுங்குப் பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வரும் பதிலை உங்கள் எதிரிலேயே தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.