எங்க ஊர்ச் சாப்பாடு எங்க ஊரில் இல்லை

"அண்ணா, தரிசனம் முடிஞ்சுதுங்க. அஞ்சு மணி நேரம் வரிசையில நின்னோம். குழந்தைங்க பசியில அழுகுதுங்க. உங்க ஊர்ச் சாப்பாடு நல்லா எங்கே கிடைக்கும், சொல்லுங்க."

போன வைகாசியில் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்த நண்பர் போனில் கேட்டது இது. முப்பது வருஷமாக யாராவது ஒருத்தர் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். திருச்செந்தூர் நான் பிறந்து வளர்ந்த ஊர். எந்த வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது என்பது வரை தெரியும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வருவதில்லை. இட்லி எங்கே பஞ்சு மாதிரி இருக்கும், பரோட்டாவுக்கு எந்தக் கடைச் சால்னா நல்லாயிருக்கும் என்றால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். அவர் கேட்டது அது இல்லையே. "உங்க ஊர்ச் சாப்பாடு" என்றல்லவா கேட்டார்!

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் குழந்தைகளின் பசி தாங்காமல் ஒரு ஓட்டலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய பலகை. பரோட்டா, சப்பாத்தி, ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், நெய் ரோஸ்ட். கோயம்புத்தூரில் அவர் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் அதே பலகை. நானூறு கிலோமீட்டர் வந்து, அந்தப் பிள்ளை மைதாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பரிமாறிய தம்பியிடம் "சொதி இருக்கா?" என்று கேட்டேன். பாவம், வடக்கேயிருந்து பிழைக்க வந்த பையன், அவனுக்குச் சொல்லே புரியவில்லை. கல்லாவில் இருந்தவர்தான் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, சொதிய யாரு கேக்கா? தேங்காப்பாலு, பத்து மணிக்கு வச்சா மத்தியானத்துக்குள்ள திரிஞ்சு போவும். பரோட்டான்னா ராத்திரி வரைக்கும் ஓடும்லா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாடகை, ஆள் கூலி, கூட்டம், எல்லாம் அவருக்கும் இருக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

சொதி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துப் போடும் சாப்பாடு அது. அம்மா வைக்கும்போது பார்த்திருக்கிறேன். துருவிய தேங்காயை மூன்று தடவை பிழிவாள். கெட்டியான முதல் பாலைத் தனியே மூடிவைத்துவிட்டு, பின்னால் வந்த தண்ணிப் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் வேகும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அதில் சேர்ப்பாள். காரத்துக்கு மிளகாய்ப் பொடியே கிடையாது, பச்சை மிளகாயும் இஞ்சியும் மட்டும். கடைசியில்தான் முதல் பால். அதை ஊற்றிய பிறகு அடுப்பை விட்டு நகரமாட்டாள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் போயிற்று. இறக்கி ஆறின பிறகு எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் தட்டாமல் இருக்கத்தான் அந்த இஞ்சி.

ஈழத்தில் இன்னொரு விதமான சொதி உண்டு, நீர்க்க இருக்கும். அந்த மக்கள் ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போனார்கள். போன இடத்தில், லண்டனிலும் டொரன்டோவிலும், அவர்கள் கடைகளில் இன்றைக்கும் இடியாப்பத்துக்குச் சொதி ஊற்றுகிறார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே எங்கள் சொதியைக் கல்யாண வீட்டோடு நிறுத்திவிட்டோம்.

சொதியை விடுங்கள், அது பக்குவம் கேட்கிற பண்டம். கருப்பட்டிக்கு என்ன வந்தது? திருச்செந்தூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் உடன்குடி. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் கோயிலுக்கு வருகிறவர் கையில் போய்ச் சேர்வது எந்தக் கருப்பட்டி? அன்றைக்கு நண்பரின் அம்மா ஒரு கடையில் இரண்டு கிலோ வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னுகிறது. எங்கள் அம்மா ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "சீனி." நல்ல கருப்பட்டி உடைத்த இடத்தில் மங்கலாக, மண் நிறத்தில் இருக்கும். இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு நாக்கில் நிற்கும். அந்த வயதான அம்மா முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் ஊரை நம்பி வாங்கியது அல்லவா! ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீராவது வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும், இறக்க ஆள் வேண்டும். பாகில் சீனியை அள்ளிப் போடுகிறவன் விலையோடு பனையேறி எப்படிப் போட்டி போடுவான்? பலகையில் "கருப்பட்டி காபி" என்று எழுதிவிட்டு இந்தச் சீனிக் கட்டியைப் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. குடிக்கிறவர் "இதுதான் கருப்பட்டிபோல" என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார். ஏமாந்தது அவருக்கே தெரியாமல் போவதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் விடிகாலையில் அவர்களைக் கிளப்பி உடன்குடி ரோட்டில் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் சைக்கிளில் பதநீர் வைத்திருந்தார். பனை ஓலையை இரண்டு மடிப்பு மடித்து ஓரத்தை ஒரு கீற்றால் கட்டினார், பட்டை தயார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கை விரலால் நோண்டிப் போட்டு நீட்டினார். அந்தப் பிள்ளைகள் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கெல்லாம் நனையக் குடித்தன. "இன்னொண்ணு வேணும் தாத்தா" என்று பெரியவன் கேட்டான். பெரியவர் ஊற்றிவிட்டு என்னிடம் சொன்னார், "எம் பயலுவ ரெண்டு பேரும் மெட்ராஸ்ல இருக்கானுவ. மரம் ஏற மாட்டேன்னுட்டானுவ. நானும் ஏறச் சொல்லல."

எப்படிச் சொல்வார்? தினம் காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். அப்படித் தடவினாலும் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரம் என்கிறோம். அதை வெட்டுவதற்கு ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மரம் நின்றால் போதுமா? ஏறுகிறவன் பிழைக்க வேண்டாமா? லட்சக்கணக்கான பேர் வந்து போகிற கோயிலைச் சுற்றி, காலை நேரத்தில் பதநீர் விற்க நாலு பனையேறிக் குடும்பங்களுக்கு நிழலோடு ஓர் இடம் ஒதுக்க முடியாதா? பாட்டில் குளிர்பானத்துக்கு அடிக்கு ஒரு கடை இருக்கிறதே!

இப்படி எத்தனையோ. கோயிலுக்குப் பக்கத்திலேயே கரையேறும் சாளை, பாறை, ஊளி மீன்கள் விடிகாலையில் துள்ளத் துள்ள ஏலம் போகின்றன. அவற்றைத் தேங்காய் அரைத்துப் புளிவிட்டுக் குழம்பு வைக்கிற கை எங்கள் வீடுகளில் இருக்கிறது. கடையில் கிடைப்பதோ சிவப்புப் பொடியில் முக்கிப் பொரித்த துண்டு. எட்டுப் பத்து கிலோமீட்டரில் காயல்பட்டினம். அந்த ஊர்க் கல்யாணக் களறிச் சாப்பாட்டுக்கு விருந்தாளியாகப் போனவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை, தைக்குப் பனங்கிழங்கு. இவற்றில் ஒன்றைக்கூட நான் ஓட்டல் பலகையில் பார்த்ததில்லை. தாமிரபரணித் தண்ணியில் விளைகிற ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் குறியீடு வந்தது. சாப்பிட்டு எழுந்தால் அந்த வெற்றிலை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் மக்களுக்கு உபசரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் கடல் மாதிரித் தண்ணீர். நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு, தாங்களே வெள்ளத்துக்கு நடுவில் இருந்துகொண்டு போட்ட சோறு அது. அந்தக் கையும் மனசும் உள்ள ஊரில், காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவருக்கு ஊர்ச் சாப்பாடு இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஓட்டல்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். தினமும் வேண்டாம். வெள்ளி, சனி, ஞாயிறு மத்தியானம் ஒரு மணி வரை சொதிச் சாப்பாடு என்று போடுங்கள். ஐம்பது இலைக்கு மட்டும் வையுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது என்று எழுதி வையுங்கள், ஆள் தேடி வரும். கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அது பெரிய காரியம். அதில் வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் கூட்டாஞ்சோறு போடலாமே! அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் வேகிற சோறு. பெருங்கூட்டத்துக்குத் தோதானதும் அதுதான்.

வருகிறவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் வந்தால், காலை ஒன்பது மணிக்குள் உடன்குடி ரோட்டுக்குப் போங்கள், பட்டையில் பதநீர் குடியுங்கள். கருப்பட்டி வாங்கினால் அங்கேயே ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், மின்னினால் வாங்காதீர்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும் "சொதி இருக்கா?" என்று ஒரு தடவை கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். பரவாயில்லை, கேளுங்கள். "யாரு கேக்கா?" என்று கல்லாவிலிருந்து என்னைக் கேட்டவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.