துப்பாக்கி வண்டிக்கு முன்னால் போனவர்கள்

ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பக்கத்தில் ஒரு சைடுகார், சைடுகாரில் ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. 1914 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் இந்த மூன்றையும் சேர்த்து ‘மோட்டார் மெஷின் கன் சர்வீஸ்’ என்று ஒரு புதிய பிரிவைத் தொடங்கியது. பேட்டரி எனப்பட்ட ஒவ்வொரு படைக்குழுவுக்கும் 18 சைடுகார் வண்டிகள், 6 துப்பாக்கிகள். எல்லா வண்டியிலும் துப்பாக்கி இருக்காது. மீதி வண்டிகளில் தோட்டாவும் உதிரிச் சாமான்களும் போகும். வண்டி செய்து கொடுத்த கம்பெனிகளில் கிளைனோ முக்கியமானது. ராயல் என்ஃபீல்டும் அந்தப் பட்டியலில் உண்டு. தருமபுரி நெடுஞ்சாலையில் வார இறுதியில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் புல்லட்டின் மூதாதை, துப்பாக்கி சுமந்த வண்டிதான். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்ததற்கும், எல்லை ரோந்துக்கு இந்திய ராணுவம் புல்லட் வாங்கியது ஒரு காரணம்.

பிரான்ஸ் போர்முனையில் இந்த வண்டிகளுக்கு வேலை குறைவாகவே இருந்தது. இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்ட பிறகு, சேற்றிலும் முள்கம்பியிலும் மோட்டார் சைக்கிள் எங்கே ஓடும்? 1915 அக்டோபரில் மெஷின் கன் கோர் என்ற தனிப் படை உருவானபோது மோட்டார் பிரிவும் அதற்குள் போனது. அங்கிருந்த பலர் முதல் டாங்கிகளை ஓட்டப் போனார்கள். சில பேட்டரிகள் கப்பலேறி வேறு திசைக்குத் திரும்பின. 22ஆவது பேட்டரி 1916இல் இந்தியா வந்தது. அது பார்க்க வேண்டிய இடம் வடமேற்கு எல்லைப்புறம்.

கைபர், குர்ரம், வஜீரிஸ்தான் என்று நீளும் அந்த மலைநாட்டில் வண்டிக்கு இரண்டு தேவைகள். ஒன்று தண்ணீர். விக்கர்ஸ் துப்பாக்கியின் குழலைச் சுற்றியுள்ள உறையில் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். விடாமல் சுட்டால் சில நிமிடங்களில் அது கொதித்து ஆவியாகும். 250 தோட்டா கொண்ட பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது, குடிக்கவே தண்ணீர் கிடைக்காத பாறைக்காட்டில் துப்பாக்கிக்கும் பங்கு வைத்தாக வேண்டும். இரண்டாவது தேவை சாலை. ஒட்டகமும் கோவேறு கழுதையும் ஏறிய ஒற்றையடிப் பாதையில் சைடுகார் ஏறாது.

1919 துப்பாக்கி வண்டிகளுக்குப் பரபரப்பான ஆண்டு. ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜெனரல் டயர் இயந்திரத் துப்பாக்கி பூட்டிய இரண்டு கவச மோட்டார்களோடு ஜாலியன் வாலாபாகுக்குப் போனார். சந்து குறுகல் என்பதால் மோட்டார்கள் வெளியிலேயே நின்றன. உள்ளே 50 பேர் 1,650 தோட்டாக்களைச் சுட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 379. மோட்டார்கள் நுழைந்திருந்தால் அந்தத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில், அதை விசாரித்த ஹண்டர் கமிட்டி முன் டயர் சொன்னது அச்சில் இருக்கிறது. மே மாதம் மூன்றாம் ஆப்கன் போர் மூண்டது. அதே டயர் குர்ரம் பகுதியில் முற்றுகையிலிருந்த தல் கோட்டையை மீட்கப் படை நடத்திப் போனார். எல்லையில் பழங்குடிகளுக்கென்று வைத்திருந்த முறை ஊருக்குள் வந்ததையும், ஊருக்குள் சுட்டவர் எல்லைக்குப் போனதையும் ஏழு வார இடைவெளியில் பார்த்துவிடலாம்.

சென்னை மாகாணமும் தப்பவில்லை. 1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளா கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சிக்காரர்கள் முதலில் கைவைத்த இடங்களில் சாலையும் பாலமும் உண்டு. லாரியில் துருப்பு வரக்கூடாது என்பதுதான் கணக்கு. ஆகஸ்ட் 26 அன்று பூக்கோட்டூரில் லெய்ன்ஸ்டர் ரெஜிமெண்டின் லாரி வரிசையை மறித்தவர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே நின்று நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். பிறகு பெங்களூர் பாசறையிலிருந்தும் படைகள் போயின. பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் போத்தனூர் போகும் ரயில்பாதை தருமபுரிப் பக்கத்து மொரப்பூரையும் பொம்மிடியையும் தொட்டுத்தான் போகிறது.

மறுபடியும் சாலைக்கு வருவோம். வஜீரிஸ்தானில் 1919-20 குளிர்காலத்தில் மசூத் பழங்குடிகளோடு நடந்த சண்டை பிரிட்டிஷாருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. மலைக்குள் மோட்டார் போக முடியாதவரை அந்த நாடு கைக்கு வராது. 1920களின் தொடக்கத்தில் ரஸ்மக்கில் நிரந்தரப் பாசறை அமைத்து, அதற்கு மோட்டார் சாலை போட்டார்கள். சைடுகார்களின் இடத்தில் ரோல்ஸ் ராய்ஸ், கிராஸ்லி கவச மோட்டார்கள் ஓடின. கிராஸ்லியின் உள்பக்கத்தில், வெயில் தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்தியிருந்தார்கள். இந்த விவரமெல்லாம் பிரிட்டனில் மாதிரி வண்டி செய்யும் பொழுதுபோக்காளருக்குக்கூட மனப்பாடம். சக்கரம் எப்படிப்பட்டது, துப்பாக்கிக் கோபுரம் ஏன் உருண்டை, எல்லாவற்றுக்கும் படமும் புத்தகமும் உண்டு.

சாலை போட்டவர்களுக்குப் புத்தகம் குறைவு.

ராணுவத்தில் இந்த வேலைக்கென்றே பயனியர் படைகள் இருந்தன. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் கடப்பாரை. சென்னை மாகாணத்தில் இவற்றில் தமிழர்கள் கணிசம். வேறு படைகளில் இடம் மறுக்கப்பட்ட பறையர்களுக்கும் இங்கே இடம் இருந்தது. 21ஆவது மெட்ராஸ் பயனியர்ஸ் 1897இல் வடமேற்கு எல்லையில் திரா படையெடுப்புக்குப் போய்ப் போர்ச்சிறப்பு வாங்கிய படை. கைபர் பாதைக்குத் தெற்கே குளிரில் பாறை உடைத்தவர்களில் காவிரிக்கரை ஆட்களும் இருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையும் அதே திராவுக்குப் போனது.

அப்படிப் போன ஒருவரின் கொள்ளுப்பேரன் அரூரிலோ பென்னாகரத்திலோ இருந்துகொண்டு தேடத் தொடங்கினால் என்ன கிடைக்கும்? பிரிட்டனில் தேடுபவருக்கும் பாதை சுலபமில்லை. முதல் உலகப் போர் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த ஜெர்மன் குண்டில் எரிந்துபோனது. அங்குள்ள ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். பதக்க அட்டை, படையின் நாட்குறிப்பு, வீட்டுக்கு எழுதிய கடிதம், ஆல்பத்துப் புகைப்படம் ஆகியவற்றை ஒட்டுப்போட்டு ஒரு பேட்டரியின் நான்கு ஆண்டுகளை மீட்டெடுத்தார்கள்.

இந்தியத் தரப்பில் பெரிய கண்டெடுப்பு லாகூரில் நடந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில் பஞ்சாபிலிருந்து போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக இருந்தது. 2021இல் அதன் ஒரு பகுதி இணையத்துக்கு வந்தது. அது முழுக்கப் பஞ்சாப். சென்னை மாகாணத்திலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள் சுமார் 51,000 போர்வீரர்கள், 41,000 பணியாளர்கள். சமையல், தண்ணீர், மாட்டு வண்டி, கழுதை, கூலி வேலை என்று போன அந்த இரண்டாவது வகையினருக்குப் பதக்கத்திலும் வேறுபாடு உண்டு. சிப்பாய்க்கு வெள்ளியில் வந்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் கூலிப்படைக்கு வெண்கலத்தில் வந்தது.

பெயரே இல்லாமல் போனவர்களும் ஏராளம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட தன் அறிக்கையிலேயே, இந்தியரும் ஆப்பிரிக்கரும் அதிகமுள்ள 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை. பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயருக்குப் பதில் எண்ணிக்கைதான் இருந்தது. எல்லைப்புறத்திலும் ஆப்கன் போரிலும் செத்தவர்களையும் சேர்த்துக்கொண்ட டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு.

இந்த இடத்தில் தருமபுரிக்காரருக்குச் சுருக்கென்று ஒன்று தைக்கும். அவருடைய ஊரில் செத்த வீரனுக்குக் கல் நடுவது ஆயிரத்து நானூறு ஆண்டு வழக்கம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்தவருக்குத் தெரியும்: எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் ஆநிரை கவர்ந்தது, பட்டவன் பெயர் என்ன என்று ஒழுங்காக எழுதிவிடுவார்கள். பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேல். மகேந்திரவர்மன் காலத்தில் கருந்தேவக்கத்தி என்பவன் மாடுகளை மீட்கும் சண்டையில் பட்டான். அவனோடு நின்று கள்வரைத் தடுத்த நாயின் பெயர் கோவிவன். நாயையும் செதுக்கி, பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு தமிழ்நாட்டு ஊர்களில் பதித்த கற்பலகைகளில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கு மட்டும் இருக்கும்.

கணக்கிலிருந்து பெயருக்குப் போக முடியாது என்றில்லை. முதலில் மாவட்டத்தை மாற்ற வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். அதற்கு முந்தைய எந்தப் பதிவிலும் அது சேலம். கிருஷ்ணகிரி பிரிந்ததோ 2004இல்தான். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் இருக்கின்றன. சேலம் என்று போட்டுத் தேடி, ஊத்தங்கரை, பாலக்கோடு, அரூர் போன்ற பெயர்களை அந்தக் கால ஆங்கிலக் குமாஸ்தாவின் காதுக்கு ஏற்றபடி நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்து படையின் பெயர். குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான். திராவுக்குப் போன 21ஆவது மெட்ராஸ் பயனியர்ஸ் 1903இல் 81ஆவது பயனியர்ஸ் ஆனது. 1922இல் முதலாவது மெட்ராஸ் பயனியர்ஸின் 10ஆவது பட்டாலியன் ஆனது. 1933இல் பயனியர் படைகளையே கலைத்துவிட்டார்கள். கொள்ளுத்தாத்தா ஒரே படையில் இருந்திருப்பார்; காகிதத்தில் அவர் மூன்று படையில் இருப்பார். சிப்பாய் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் ஆட்களுக்குத் தனியாக எண் போட்டது, ஒரே எண் பல படைகளில் வரும். பதக்கம் வீட்டில் மிஞ்சியிருந்தால் அதன் விளிம்பில் எண், பெயர், படை மூன்றும் பொறித்திருக்கும். பதக்க நாடாவில் உள்ள பட்டையில் ‘வஜீரிஸ்தான் 1919-21’ என்றோ ‘ஆப்கானிஸ்தான் வடமேற்கு எல்லை 1919’ என்றோ இருந்தால் போர்முனையும் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள். பயனியர் படையின் நாட்குறிப்பில் சாதாரணச் சிப்பாயின் பெயரைத் தேடிப் பயனில்லை. எங்கே முகாம், எந்த ஓடையில் பாலம், எந்தத் துண்டில் சாலைவேலை என்பதுதான் அதன் பேச்சு. அதே மாதத்தில் அதே வழியில் போன மோட்டார் பேட்டரியோ கவச மோட்டார் கம்பெனியோ எழுதிய நாட்குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இடப்பெயரையும் தேதியையும் ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் ஆய்வாளர் தன் வண்டி எந்தெந்த ஊருக்கு எந்த நாளில் போனது என்று ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருப்பார். அந்த ஊர்களுக்கு அதற்கு முந்தைய வாரங்களில் யார் போனார்கள் என்ற கேள்வியோடு அதே வரிசையைத் திரும்பப் படிப்பது சேலம் மாவட்டத்துக் கொள்ளுப்பேரனின் வேலை.