மேஸ்திரி பாக்கெட்டில் ஏ.ஐ.: மூட்டைக் கணக்கு சொல்லும்... முட்டு எப்போ பிரிக்கலாம்னு கேட்கலாமா?

சென்னை,

"தளம் போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?"

வீட்டுக்காரர் இப்படிக் கேட்டால் மேஸ்திரி முன்பெல்லாம் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்ப்பார். விரலை மடக்குவார். ஒரு நம்பர் சொல்வார். அதில் 5 மூட்டை முன்னே பின்னே இருக்கும். இப்போது சட்டைப் பாக்கெட்டில் இருந்து செல்போனை எடுத்து, வாயருகே வைத்து தமிழிலேயே கேட்டுவிடலாம். அரை நிமிஷத்தில் பதில் வந்துவிடும்.

ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு இப்படித்தான் கட்டிட வேலைக்குள் நுழைந்திருக்கிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. கூகுளின் ஜெமினி ஆப் 2024 ஜூனில் தமிழ் உள்பட 9 இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது. இரண்டையும் காசு கொடுக்காமலே ஓரளவுக்குப் பயன்படுத்தலாம். இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்ற பயமும் இல்லை. ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியாமல் ஆரம்பித்தால் நஷ்டம் மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து.

யூனிட் குழப்பம்

முதலில் மூட்டைக் கணக்கு. 1,000 சதுர அடி ரூஃப், 5 அங்குல கனம், எம்-20 கலவை. அதாவது 1-க்கு ஒன்றரை, 3. பீம் கணக்கு தனி. இதற்கு சுமார் 95 மூட்டை சிமெண்ட், ஒண்ணே முக்கால் யூனிட் எம்-சாண்ட், மூன்றரை யூனிட் ஜல்லி வரும். இந்தக் கணக்கை ஏ.ஐ. பெரும்பாலும் சரியாகவே போடும்.

சிக்கல் எங்கே என்றால், அது மணலை யூனிட்டில் சொல்லாது. கன மீட்டரில் சொல்லும். இதே ரூஃபுக்கு "மணல் 5, ஜல்லி 10" என்று திரையில் வரும். அது கன மீட்டர் என்று கவனிக்காமல் லாரிக்காரருக்கு போன் போட்டு "5 யூனிட் மணல் அனுப்புங்க" என்றால், தேவையைப் போல கிட்டத்தட்ட 3 மடங்கு மணல் வாசலில் வந்து கொட்டும். நம்ம ஊரில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கேள்வி கேட்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பதிலும் யூனிட்டிலேயே வரும்.

அதனால் ஆரம்பிப்பவர்கள் புது வேலையில் கை வைக்க வேண்டாம். போன வருஷம் முடித்த ஒரு வீட்டின் அளவைக் கொடுத்து கணக்குக் கேளுங்கள். அன்றைக்கு எத்தனை மூட்டை இறக்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒத்துப் பார்த்தால் போதும், மெஷினின் யோக்கியதை தெரிந்துவிடும்.

கம்பிக்கும் அதே மாதிரி ஒரு குறுக்கு வழி பழைய ஆட்களிடம் இருக்கிறது. கம்பியின் மி.மீ. அளவை அதே அளவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10 கிலோ 667 கிராம். ஏ.ஐ. இதற்கு 15 கிலோ என்று சொன்னால் அந்த ஆப்பை மூடிவிடலாம்.

டிராயிங் போட்டோ

கொட்டேஷன் அடிக்க, வீட்டுக்காரருக்கு பில் எழுத, ஒடிசாவில் இருந்து வந்த தொழிலாளியிடம் "அந்தப் பக்கம் போகாதே, சாரம் இன்னும் கட்டி முடிக்கலை" என்பதை அவர் பாஷையில் சொல்ல... இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். தப்பு வந்தாலும் திருத்திக்கொள்ள முடியும்.

டிராயிங்கை போட்டோ எடுத்து அனுப்பி "இதில் என்ன போட்டிருக்கு" என்று கேட்பது அப்படி இல்லை. சைட்டில் கிடக்கும் டிராயிங் சிமெண்ட் கறை பட்டு, மடிப்பில் கிழிந்து போயிருக்கும். அதில் கம்பிக்குக் கம்பி 150 மி.மீ. இடைவெளி என்று இருப்பதை 180 என்று படித்துவிட்டால், ரூஃபில் ஆறில் ஒரு பங்கு கம்பி காணாமல் போய்விடும். கான்கிரீட் போட்ட பிறகு யாருக்குத் தெரியப்போகிறது? சந்தேகம் இருந்தால் இன்ஜினீயருக்கு ஒரு போன் போடுவதே நல்லது. அந்த போனுக்கு ஆகும் செலவு ஒன்றும் இல்லை.

15 அடி ஹால்

ரொம்ப முக்கியமானது முட்டு பிரிக்கிற விஷயம். சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை தினமும் ஏறிக்கொண்டே போகும். அடுத்த சைட்டுக்காரர் ஷீட்டுக்காகக் காத்திருப்பார். இந்த அவசரத்தில்தான் "ரூஃப் முட்டை எப்போ பிரிக்கலாம்?" என்ற கேள்வி செல்போனுக்குப் போகிறது.

ஐ.எஸ்.456 என்ற இந்திய தர விதி இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். பீம் என்றால் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

4.5 மீட்டர் என்பது 14 அடி 9 அங்குலம். நம்ம ஊர் ஹால் 15 அடி. 3 அங்குலம் தாண்டிவிட்டது! விதிப்படி 14 நாள் ஆக வேண்டும். "15 அடி என்றால் ரவுண்டாக நாலரை மீட்டர்" என்று யார் கணக்குப் போட்டாலும், மனிதனோ மெஷினோ, 7-வது நாளே பச்சை ரூஃபுக்கு அடியில் முட்டு இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாள் கணக்கு சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு எழுதப்பட்டது. மூட்டையில் பி.பி.சி. என்று அச்சடித்திருந்தால் அது மெதுவாகத்தான் இறுகும், நாளை நீட்டத்தான் வேண்டும். தண்ணி கட்டுவதும் ஓ.பி.சி.க்கு குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். எந்த சிமெண்ட் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் ஏ.ஐ.க்கு எப்படித் தெரியும்? அது மூட்டையைப் பார்க்கவில்லை. பாத்தி கட்டி தண்ணி நிறுத்தினார்களா, 2 நாள் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்களா என்பதும் அதற்குத் தெரியாது. ஆனாலும் தயங்காமல் பதில் சொல்லும். அதுதான் பயமாக இருக்கிறது.

சென்னை மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28-ந்தேதி கட்டிக்கொண்டிருந்த 11 மாடி கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். ஆந்திராவில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள் அதில் ஏராளம். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டிட டிசைனுக்கு கம்ப்யூட்டர் வந்து அப்போதே பல வருஷம் ஆகிவிட்டது.

படத்தில் வந்த பால்கனி

வீட்டுக்காரர்களும் சும்மா இல்லை. ஏ.ஐ.யிடம் சொல்லி வீட்டு முகப்புப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்து "இதே மாதிரி கட்டிக் கொடுங்க" என்கிறார்கள். படத்தில் பால்கனி 10 அடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். கீழே ஒரு தூண் இருக்காது. படத்துக்கு பாரம் கிடையாதே!

தமிழகத்தில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். விதிப்படி கட்டுகிறேன் என்று உறுதி சொல்பவர் வீட்டுக்காரர்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் படம் வரைந்த ஆப் வந்து பதில் சொல்லாது.

கேமரா வருகைப்பதிவு

சித்தாள், பெரியாள் பாடு என்ன? ஹெல்மெட் போடாதவரைக் கண்டுபிடிக்கும் கேமரா, முகத்தைக் காட்டினால் வருகைப்பதிவு ஆகும் மெஷின் எல்லாம் வந்துவிட்டன. உயிர் காக்கும் வரை நல்லதுதான். ஆனால் 10 நிமிஷம் லேட்டாக வந்ததை எழுதி வைக்கும் மெஷினுக்கு, சாயங்காலம் 2 மணி நேரம் கூடுதலாகக் கல் சுமந்ததும் தெரியும். முதல் கணக்கை வைத்து கூலி பிடிப்பவர்கள், இரண்டாவது கணக்கை வைத்துக் கூடுதல் கூலி கொடுக்கவும் வேண்டும் அல்லவா?

1994-ல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் உதவிகள் பற்றியும் ஏ.ஐ.யிடம் கேட்கலாம். எந்தெந்த உதவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். தொகையை மட்டும் நம்ப வேண்டாம். அரசு உயர்த்திய பிறகும் பழைய தொகையையே சொல்லிக்கொண்டிருக்கும். வாரிய அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

தொழிலாளிக்கு செல்போனில் இப்போதே கைகொடுக்கும் வேலை ஒன்று உண்டு. தினமும் வேலை முடிந்ததும் தேதி, எந்த சைட், எத்தனை மணி நேரம், கையில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் தமிழில் சொல்லி வைத்தால், சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் கூட்டிக் கொடுக்கும். கூட்டலிலும் சில சமயம் சறுக்கும். வீட்டு காலண்டரில் எழுதி வைத்ததோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் காட்டலாம்.