பட்டிக்குக் கீழே இருக்கும் துரு



அவிநாசியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தகரக் கொட்டகைகளுக்குள் பழைய ஜீப்புகள் பிரிக்கப்பட்டுக் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பனியன் தொழில் செய்கிறவர்கள், லாரி வைத்திருக்கிறவர்கள், தோட்டம் பார்க்கிறவர்கள் என்று பலரும் ஒரு பழைய நாற்சக்கர இயக்க ஜீப்பை வாங்கி வந்து, வீட்டிலேயே மெல்ல மெல்லச் சீர்ப்படுத்துகிறார்கள். இது வீண்செலவு என்பார் சிலர். ஆண்மைக்கு அடையாளம் என்பார் வேறு சிலர். என் கருத்து இரண்டிலும் சேராது. இது நல்ல வேலை. ஆனால் உண்மையோடு செய்யப்பட்டால் மாத்திரமே நல்ல வேலை. அதை ஏன் சொல்லுகிறேன் என்பதை ஒவ்வொன்றாய் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை நினைவுகூருவோம். 1940-இல் அமெரிக்க இராணுவம் சேற்றிலும் மலையிலும் செல்லத்தக்க ஓர் இலகுவான வண்டியைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்பு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடியும் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. நம் நாட்டில் 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுக்கத் தொடங்கியது. பிற்பாடு இங்கே நெடுங்காலம் செய்யப்பட்டது சி.ஜே. 3பி என்னும் வகை. அதன் முகப்பு மற்ற ஜீப்புகளைவிட உயர்ந்திருப்பது அழகுக்காக அன்று. உள்வால்வுகளைத் தலையிலும் வெளிவால்வுகளைப் பிளாக்கிலும் கொண்ட அந்த 2.2 லிட்டர் எஞ்சின் உயரமானது. அதற்கு இடங்கொடுக்கவே பானெட்டை உயர்த்தினார்கள். ஜபல்பூர் இராணுவத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஜோங்காவும், பட்டாளத்திலிருந்து கழிக்கப்பட்ட பின் ஏலத்தின் வழியாய்ப் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும், நீலகிரியின் சரிவுகளிலும், பர்கூர் மலையிலும் தார்ச்சாலை நின்ற இடத்திலிருந்து ஜீப்பே மனிதரைச் சுமந்தது. நோயாளியும், பிரசவ வேதனைப்பட்ட தாயும், பள்ளிக்குப் போன ஆசிரியரும், ரேஷன் அரிசியும் அதில் ஏறின. ஆகையால் ஒரு பழைய ஜீப்பைக் காண்கிறவன் ஓர் ஊழியக்காரனைக் காண்கிறான். அதைச் சீர்ப்படுத்துகிறவன் அந்த ஊழியத்துக்கு மரியாதை செய்யவேண்டும். வரவேற்பறைப் பொம்மையைப்போல் அதைப் பளபளப்பாக்கி நிறுத்துவதால் அந்த மரியாதை உண்டாகாது.

இரண்டாவது, இந்த வேலைக்கு நம் கொங்கு மண்ணைப்போல் ஏற்ற இடம் அரிது. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். கோவையில் ஓட்டல் பணியாளராய் உழைத்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றிப் பெருமையடிக்கவில்லை. அதைப் பாகம் பாகமாய்ப் பிரித்து, மறுபடியும் பூட்டிப் பார்த்து, அதின் வழியாய் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920-இல் ஒரே பேருந்தோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினவரும், 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரும் அவரே. அவர் பெயரால் அவிநாசிச் சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகத்துக்கு உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

பீளமேட்டிலும் கணபதியிலும் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன. உக்கடத்தில் பழைய இரும்புச் சந்தை இருக்கிறது. எங்கும் கிடைக்காத ஒரு புஷ்ஷையோ ஷாஃப்டையோ மாதிரி கொடுத்தால் கடைந்து தருகிற கைகள் நமக்கு அருகிலேயே உண்டு. ஆனால் அந்தக் கைகளுக்கு வயதாகிறது. கார்புரேட்டரின் ஓசையைக் காதால் கேட்டே திருகை எவ்வளவு திருப்பவேண்டும் என்று அறிந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராய் ஓய்ந்துபோகிறார்கள். வீட்டில் ஜீப்பைப் பிரிக்கிற இளைஞன் அப்படிப்பட்ட ஒரு பெரியவரை அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்லத் தன் கையால் வேலை செய்வானானால், அறிவு ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குக் கடந்து செல்லும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவர் கூலியை அவர் கேட்கும் முன்னே கொடுங்கள்.

மூன்றாவது, என் மனதை அதிகமாய்ப் பாரப்படுத்துகிற காரியம் இதுவே: வேலையின் வரிசை. பலர் முதலில் பெயிண்டைத் தெரிந்தெடுக்கிறார்கள். அடுத்து அகன்ற டயர், அதன்பின் விளக்குகள். பிரேக்கும் சேசிஸும் கடைசியில் வருகின்றன, அல்லது வராமலே போகின்றன. இது தலைகீழான முறை. இந்தப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அவை யாவும் ஒரே ஒரு எண்ணெய்ச் சுற்றில் இயங்குகின்றன. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருமிக்கப் போய்விடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள் ஆகியவையே முதல் செலவாய் இருக்கட்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் ஒருவரும் படுக்கவேண்டாம். உறுதியான தாங்கிகளை வையுங்கள்.

பிரேக்குக்கு அடுத்தது சேசிஸ். சேறு உள்ளே தங்கி, ஈரம் வற்றாமல், வெளியே தெரியாதபடி உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். கமான் பட்டைகளைத் தாங்குகிற இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இரும்பு மழுங்கலாய் ஒலிக்கும். அந்த இடத்தை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைக்கவேண்டும். அப்படிச் செய்யாமல், துருவின்மேல் பட்டியைப் பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிக்கிறவர்கள் உண்டு. பார்வைக்குப் புதியது, உள்ளேயோ ஈரம் சிறைப்பட்டிருக்கிறது. சில மழைக்காலம் கழிந்ததும் அது கொப்புளமாய்ப் பொங்கி வெளியே வரும். சொந்த வண்டிக்குச் செய்தால் அது அறியாமை. பட்டி பூசி, சீர்ப்படுத்திய வண்டி என்று சொல்லி மற்றொருவனுக்கு விற்றால் அது பொய். அந்தப் பொய்யை மலைச்சரிவில் ஒரு குடும்பம் தன் உயிரால் கண்டுபிடிக்க நேரிடலாம்.

நாற்சக்கர இயக்கத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. இவ்வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் செல்லும் தூரம் வேறு, பின்சக்கரங்கள் செல்லும் தூரம் வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும்; உலர்ந்த தார்ச்சாலையிலோ பல்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். ஆகவே தேவை வந்தபோது மாத்திரம் பூட்டவேண்டும், தேவை தீர்ந்தவுடன் விடுவிக்கவேண்டும். பெலத்தை எப்போதும் காட்டிக்கொண்டிருப்பது பெலத்தையே கெடுக்கும் என்பதை இந்த இயந்திரம் எவ்வளவு எளிதாய்ச் சொல்லுகிறது!

நான்காவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வண்டியைத் தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக அதை மாற்றலாகாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஒரு வண்டியின் சேசிஸில் வேறொரு வண்டியின் எஞ்சினையும், மூன்றாம் வண்டியின் ஆவணத்தையும் சேர்த்து ஓட்டுவது சீர்ப்படுத்துதல் ஆகாது. வாங்குமுன் சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒத்துப்பாருங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிதாய்ப் பதிவுசெய்ய 20,000 ரூபாய். சான்று பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது. ஓட்டுவதற்கா, காப்பதற்கா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்போம். இந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே என்பார்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கியோ, பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைத் தள்ளிவைத்தோ இதைச் செய்கிறவர் உடனே நிறுத்திவிடுவது நல்லது. பழைய எஞ்சின் புகை கக்குமே என்பார்கள். உண்மைதான், இது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் சேவை என்று ஒருவரும் பெருமைபேச வேண்டாம். எல்லா ஜீப்பும் காப்பாற்றத் தகுந்தவை அல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சேசிஸ் இற்றுப்போன வண்டியின் நல்ல பாகங்கள் மற்றொரு வண்டியில் வாழட்டும். மிகுந்தது உருக்குலைக்குப் போகட்டும். மலைகளில் இன்னும் ஜீப்பை ஓட்டிப் பிழைக்கிறவர்களையும் மறவாதிருங்கள். கிடைக்கிற பாகத்தையெல்லாம் அதிக விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கினால், நம் பொழுதுபோக்கு ஒருவருடைய பிழைப்பில் கைவைத்ததாகும்.

வீட்டாரையும் எண்ணுங்கள். ஞாயிறுதோறும் கொட்டகைக்குள் மறைந்துபோகிற தகப்பனால் ஜீப் எழும்பலாம், வீடு சரிந்துவிடும். மகனை மட்டுமன்றி மகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டையும் போல்டையும் டப்பாக்களில் பெயர் எழுதி வைக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். செலவுக்கணக்கை மனைவி பார்க்கத்தக்க ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அன்பானவர்களே, சீர்ப்படுத்துதல் என்னும் வார்த்தை நமக்குப் பழக்கமானது. ஆகையால் அதை மலிவாய்ப் பயன்படுத்த நமக்கு உரிமையில்லை. கொட்டகையில் ஒரு ஜீப் உங்களுக்கு இருந்தால், இந்த வாரம் பெயிண்ட் கடைக்குப் போகவேண்டாம். ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடிப்பகுதியைத் தட்டிக் கேளுங்கள். மழுங்கலாய் ஒலிக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.