தண்டோரா ஓய்ந்தது, தகவல் எங்கே?

கயத்தாற்றை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் புறப்படுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. களையெடுக்கப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு, காய்ச்சலில் துவண்ட பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கரிசல் சேறு கணுக்காலைக் கவ்விப் பிடிக்கச் சாலைக்கு வந்து சேருகிறாள். சென்ற முறை மருந்து வாங்கிய இடத்தில் இன்று பூட்டுத் தொங்குகிறது. எப்போது பூட்டினார்கள்? எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கும் தெரியவில்லை. இனி எங்கே போவது? அதைச் சொல்ல ஒரு துண்டுத்தாள்கூட அங்கே ஒட்டப்படவில்லை. கோட்டையில் இருப்போர்க்கு அது ஓர் அரசாணையின் எண். அவளுக்கோ அது ஒரு நாள் கூலி. சில வேளை, ஓர் உயிர்.

கற்பனைத் தாய்தான். ஆனால் அந்தப் பூட்டு கற்பனையன்று. 2020 டிசம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு 2,000 அம்மா மினி கிளினிக்குகள் என்று அறிவித்துத் திறக்கத் தொடங்கியது. 2022 சனவரியில், அடுத்து வந்த தி.மு.க. அரசு, அவை ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடே என்று கூறி முடித்து வைத்தது. திறந்தது முறையா, மூடியது முறையா என்ற வழக்கிற்குள் நாம் இன்று புகவில்லை. திறந்தபோது மேடை உண்டு, தோரணம் உண்டு, முழக்கம் உண்டு. மூடியபோதோ செய்தியாளர்களிடம் அமைச்சர் சொன்ன சில வாக்கியங்கள்! கரிசல் காட்டுக் குடிசைக்கு அந்த வாக்கியங்கள் எந்த வண்டியில் ஏறி வந்து சேரும்?

நம் கோவில்பட்டியையே பாருங்கள். 2000 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி அமைந்தது. அங்கிருந்த அரசு மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாகி, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ்ச் சென்றது. அந்த மாற்றத்தின் தொடர்ச்சியாகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி கோவில்பட்டி மருத்துவமனைக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் ஓரிடம். தலைமை மருத்துவமனை வேறிடம்! ஏன் இப்படி என்று விளாத்திகுளத்து விவசாயிக்கு எவரேனும் விளக்கியதுண்டா? எந்த நோய்க்கு இங்கே வரலாம், எதற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும் என்று தெரியாமல், இரவு நேரத்தில் வாடகைக் காருக்குக் கடன் வாங்குகிறவன் அவன்தான். பெயர்ப்பலகை மாறினால் மக்களுக்குத் தெரிந்துவிடும் என்று எண்ணுவது அதிகார வர்க்கத்தின் பழைய நோய்.

முன்பு ஊருக்குள் தண்டோரா இருந்தது. காலரா பரவுகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதும், அம்மை குத்த ஆள் வருகிறது என்பதும் பறையொலியோடுதான் தெருவுக்கு வந்தன. அந்தப் பறையைச் சுமந்தவர் யார்? சாதியின் பெயரால் அந்த வேலை தலையில் கட்டப்பட்டவர். ஊருக்கெல்லாம் சேதி சொன்ன அவருக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை! 2022 ஆகஸ்டில், தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறும் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறும் பணித்தார். இரு கை கூப்பி வரவேற்றோம். ஒழிய வேண்டிய இழிவு அது. ஆனால் இழிவை ஒழித்தபோது, சேதி சொல்லும் கடமையையும் சேர்த்தா ஒழித்தோம்? ஒலிபெருக்கி வண்டி தேர்தலுக்கு வருகிறது. மருத்துவர் வரும் நாள் மாறினால் வருகிறதா?

கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்பார் சிலர். வருகிறது. திருப்பூரில் வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்கு வருகிறது. வைகறையில் ஆலை வேன் ஏறிப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண், எப்போது அதைத் திறந்து படிப்பாள்?

மக்கள் அறியாமையில் உழல்கிறார்கள் என்று மட்டும் எவரும் சொல்ல வேண்டாம். தடுப்பூசி என்றால் புதன்கிழமை. இதைக் கரிசல் காட்டில் எழுத்தறியாத கிழவியும் அறிவாள். பல்லாண்டுகள் மாறாமல் நின்றதால், வாரச் சந்தை நாளைப்போல் அது மனத்தில் பதிந்தது. 2008 செப்டம்பரில் வந்த 108 ஊர்தியும் அப்படியே. மூன்றே எண், அதுவும் கோயில் சுற்றியவர்க்குப் பழகிய எண்! 104 என்று அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும் என்பதோ இன்னும் பலர் காதுக்கு எட்டவில்லை. பெரியம்மையை விரட்டிய நாளில், நோய் கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையை ஏந்தி ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோய் ஓய்ந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் பெண் தன்னார்வலர்களின் கால்களில்தான் நடக்கிறது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வருகிறவளிடம், "ஏத்தா, பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டர் என்னைக்கு இருப்பார்?" என்று கேட்கலாம். சுவரொட்டியிடம் கேட்க முடியுமா?

தில்லியார் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 2023 நவம்பரில், நலவாழ்வு மையங்களின் பெயரை 'ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர்' என மாற்றுமாறு மாநிலங்களுக்கு ஒன்றிய நலவாழ்வுத் துறை எழுதியது. 'ஆரோக்யம் பரமம் தனம்' என்ற வாசகமும் உடன் வர வேண்டுமாம்! கழுகுமலைப் பாட்டி இதைப் படித்து, கோயில் என்று கும்பிட்டுவிட்டுப் போவாளா, குழந்தைக்கு மருந்து கேட்பாளா? நோயாளிக்கு வழி காட்ட வைத்த பலகையை, ஆட்சியாளர் தம் பெருமைக்கு நட்ட கல்லாக்கி விட்டனர். இங்குள்ள அரசுகளும் இதற்கு விலக்கல்ல. 2009 இல் கலைஞர் பெயரில் வந்த காப்பீட்டுத் திட்டம், 2012 இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018 இல் ஒன்றியத் திட்டமும் அதனோடு இணைந்தது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய அட்டை செல்லுமா, செல்லாதா? இதை அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள்தானா ஏழை தெரிந்துகொள்வது?

சலுகை கேட்கவில்லை நாம், சட்டம் கேட்கிறோம். 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, எவரும் மனுப்போடக் காத்திராமல் அரசு அலுவலகங்கள் தாமாகவே செய்திகளைப் பரப்ப வேண்டும் என்கிறது. எப்படி? அவ்வட்டார மொழியில், அவ்வட்டாரத்திற்கு ஏற்ற வழியில். அறிவிப்புப் பலகையும் பொது அறிவிப்பும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

தோழர்களே! கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் எழுந்து நில்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தெந்த நாள் எந்த மருத்துவர், எது நின்றது, எது வந்தது, நின்றதற்கு ஈடாக எங்கே போவது என்பதைக் கூட்டத்தில் வாசிக்கச் செய்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நியாயவிலைக் கடையிலும் ஆலை வேன் நிற்கும் முக்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும்வரை நம் கிளைப் பலகையில் நீங்கள் எழுதுங்கள். அதற்குமுன், இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, உங்கள் ஊர் நிலையம்வரை நடந்து போய், வாசல் பலகையில் உள்ள மருத்துவர் பெயரும் நேரமும் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று பார்த்து வாருங்கள்.