பொது ஒழுங்கு யாருக்குரியது?

பொது ஒழுங்கை உரிமைகளுக்கு எதிரான எடையாகக் கொள்வார் உளர். அக்கருத்து ஏற்புடையதன்று. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் சென்னை அரசு விதித்த இதழ்த்தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1951ஆம் ஆண்டு முதல் திருத்தம் பொது ஒழுங்கை உறுப்பு 19(2)இல் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாதல் வேண்டும் என்ற வரம்பையும் உடன் வைத்தது. சட்டம் ஒழுங்கு, பொது ஒழுங்கு, நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றை ஒன்றனுள் ஒன்றமைந்த மூன்று வட்டங்களாக லோகியா வழக்கில் நீதிபதி இதயத்துல்லா பிரித்துக் காட்டினார். தமிழில் நாமோ மூன்றையும் 'சட்டம் ஒழுங்கு' என்றே எழுதி மயங்குகிறோம்.

இம்மயக்கத்தின் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசலின்போது குமுளியில் தடையுத்தரவு இருந்தது. எனினும் இடுக்கி ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சித் தேனிக்குப் பெயர்ந்தனர். கூட்டம் கூடாமையே ஒழுங்கெனின் அன்று அரசு வென்றது. சக்குபள்ளம் போன்ற எல்லையூரில் கூலிப்பெண் அச்சமின்றித் தோட்டம் செல்வதே ஒழுங்கெனின் அது தோற்றது. அரசமைப்பு வேண்டுவது பின்னதையே.