நடுக்கடலில் இருப்பவனுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், செய்திகள் அத்தனையும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்கின்றன. எங்கே கரையைக் கடக்கும், எத்தனை மணிக்குக் கடக்கும்? 'சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர்' என்று மணிக்கொரு தரம் சொல்கிறார்கள். தங்கள் நாளிதழும் வரைபடம் போடுகிறது. அதில் கடலோர மாவட்டங்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பூசியிருக்கிறது. கடல் மட்டும் வெறும் நீலமாகக் கிடக்கிறது. அந்த நீலத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீரோடி முதல் இரையுமன்துறை வரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக இருக்கும் எட்டு ஊர்களில் ஆழ்கடல் தொழில் செய்பவர்கள் நாங்கள். எங்கள் ஆட்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். பல படகுகள் கொச்சிப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்தே புறப்படுகின்றன. லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைல் தாண்டினால் கைபேசி வேலை செய்யாது. படகில் இருக்கும் வயர்லெஸ் இருபது முப்பது கடல் மைலுக்கு மேல் எட்டாது. அதற்கு அப்பால், ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்ததற்குச் சொல்லித்தான் சேதி போக வேண்டும். நடுவில் ஒரு படகு விலகிப் போயிருந்தால் சேதி அங்கேயே நின்றுவிடும்.

2017இல் ஒக்கி புயல் வந்தபோது நடந்தது இதுதான். நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் முற்பகலில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. இடையில் ஒரே நாள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு 29ஆம் தேதி வந்தது. எங்கள் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போய்விட்டன. போனவர்களை அந்த அறிவிப்பு எப்படித் தடுக்கும்? கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளிப் போன ஒக்கி, தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கவே இல்லை. லட்சத்தீவுப் பக்கம் போய், மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகக் காற்றோடு சுழன்று, கடைசியில் குஜராத்தை நெருங்கும்போது வலுவிழந்தது. அது போன வழி முழுக்க எங்கள் தொழில் கடல். தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இருநூறுக்கும் மேல்.

என் தம்பி அப்போது கடலில் இருந்தான். தூண்டில் கயிற்றை அறுத்துவிட்டு, ஐஸ் அறையிலிருந்த மீனையெல்லாம் கடலில் கொட்டிவிட்டு, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே காற்று தள்ளிய பக்கம் போயிருக்கிறார்கள். கடைசியில் ஒதுங்கியது மகாராஷ்டிரக் கரையில். உயிரோடு இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியவே பல நாள் ஆயிற்று. அதற்குள் அவன் மனைவி ஓர் அலுவலகத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க நின்றாள். படகு புறப்பட்டபோது வாங்கிய டோக்கனைக் கேட்டார்கள். கேரளத் துறைமுகத்திலிருந்து போன படகுக்கு இங்கே ஏது டோக்கன்? கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு ஒரு கணக்குச் சொன்னது, எங்கள் ஊர்க்காரர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். பங்குத் தந்தையர் வீடு வீடாக விசாரித்து எழுதிய பட்டியல்தான் கடைசியில் கைகொடுத்தது.

வானிலை மையத்தில் இருப்பவர்களைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. புயல் போகும் பாதையை முன்கூட்டிச் சொல்வதில் அவர்கள் வெகுதூரம் முன்னேறியிருக்கிறார்கள். அதனால் கரையில் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுவதற்கு முன்பே பல்லாயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போக முடிந்தது அதனால்தான். என் ஆட்சேபம் எச்சரிக்கை முறை எதை மையமாக வைத்து நேரத்தை அளக்கிறது என்பதில். நான்கு கட்டமாக எச்சரிக்கை விடுகிறார்கள்: 72 மணி நேரம், 48, 24, 12. இந்த மணிக்கணக்கு எல்லாமே கரையைக் குறித்தது. கரையோரத்தில் வானிலை மோசமாவதற்கு இத்தனை மணி நேரம் முன்பு, புயல் கரை கடப்பதற்கு இத்தனை மணி நேரம் முன்பு என்றுதான் எண்ணுகிறார்கள். கரையைத் தொடாமலே போகிற புயலில் செத்தவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் விசைப்படகு நல்ல கடலில் மணிக்கு ஏழெட்டு கடல் மைல் ஓடும். இருநூறு கடல் மைல் தொலைவில் இருக்கும் படகு கரை சேர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். முந்நூறு என்றால் ஏறத்தாழ இரண்டு நாள். எதிர்க்காற்று அடித்தால் பாதி வேகம்கூட இருக்காது. அப்படியானால் 24 மணி நேர எச்சரிக்கை அந்தப் படகுக்கு எதற்கு உதவும்? சேதி கிடைத்த உடனே திரும்பினாலும் புயல் படகோட்டிக்கு முன்னால் நிற்கும். அவனுக்குத் தேவை கரைக்கு வா என்ற உத்தரவு அல்ல. எந்தப் பக்கம் விலகினால் தப்பலாம், பக்கத்தில் ஒதுங்க எந்தத் தீவு, எந்தத் துறைமுகம் என்ற விவரம்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் இங்கே சொல்ல வேண்டும். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்' என்று தலைப்புச் செய்தி வருகிறது. கம்பத்தில் தொங்கும் அந்தக் கூண்டு துறைமுகத்துக்கு அருகே இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். வரிசையில் கடைசியான பதினோராம் எண், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போனதைக் குறிக்கும். ஆழ்கடலில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு எல்லா நாளும் அதே நிலைதான். அவர்களுக்காக எந்தத் துறைமுகத்திலும் எந்தக் கூண்டும் ஏறுவதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் சேதி அனுப்பக்கூடியது. கரையிலிருந்து எச்சரிக்கை போகும், படகிலிருந்து உதவி கேட்கலாம், படகு நிற்கும் இடமும் தெரியும். கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். ஒக்கி நடந்து ஏறத்தாழ ஏழு ஆண்டு கழித்து! இருக்கட்டும், வந்ததே நல்லது. ஆனால் எங்கள் எட்டு ஊர்ப் படகுகளில் எத்தனைக்குப் பொருத்தியாயிற்று, பொருத்தியதில் எத்தனை வேலை செய்கிறது, நள்ளிரவில் ஒருவன் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் தமிழோ மலையாளமோ தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? இதை மீன்வளத் துறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறு மாநிலத் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுகளை எந்த மாநிலம் கணக்கில் வைப்பது என்பதையும் இரண்டு அரசுகளும் பேசி முடிக்க வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவர் பேரும் புறப்படும்போதே பதிவாக வேண்டும். குமரி மாவட்டத்தில் மீட்புக்கென ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம், மறுபடியும் கேட்கிறோம்.

ஒக்கியில் ஆளை இழந்த குடும்பங்களுக்குத் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. உடல் கிடைக்காத வீடுகளில் இன்னமும் நவம்பர் 30 அன்று பூசை கொடுக்கிறார்கள். கல்லறை இல்லாததால் கடலைப் பார்த்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். பணம் கொடுத்ததோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக அதிகாரிகள் பேசும்போதுதான் வயிறு எரிகிறது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. வானிலை மையத்தின் அறிக்கையில் புயல் நிற்கும் இடம் அட்ச ரேகை, தீர்க்க ரேகையோடு இருக்கிறது. செய்தியாக வரும்போது அது விழுந்துவிடுகிறது. படகில் ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டும் ஸ்ராங்குக்கு அந்த இரண்டு எண்கள்தான் பயன்படும். 'சென்னைக்குத் தென்கிழக்கே' என்பதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் பெண்கள் அந்த எண்களைப் பார்த்தால், வயர்லெஸ் எட்டும் தூரத்தில் உள்ள படகுக்குச் சொல்லி அனுப்பவாவது வழி பிறக்கும். அடுத்த புயல் செய்தியில் அந்த இரண்டு எண்களையும் அச்சிடுங்கள். வரைபடத்தை லட்சத்தீவு வரைக்கும் நீட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்து வாசகி ஒருவர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்